ராஜா, யானை, 28,056 நிலைகள்: செஸ் டேபிள்பேஸ் உருவாக்கவும் பகிரவும் ஒரு வழிகாட்டி

சனிக்கிழமைகளில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். 2024 டிசம்பரில், செந்தோசாவில் குகேஷ் உலக வெற்றியாளரான அந்த வாரம், பாடம் கேட்கும் நிலையில் ஒருவரும் இல்லை. எல்லாருக்கும் 14ஆவது ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தல்தான் பேச்சு. டிங் லிரென் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். யானைகள் வெட்டுப்பட்டன, பின்னாலேயே பிஷப்புகளும் போயின. பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்ச, 58ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது. உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு பையன் கேட்டான்: "அங்கிள், டிங் கையை எடுக்கிறதுக்குள்ள கம்ப்யூட்டர் தோல்வின்னு காட்டிடுச்சே, அதுக்கு எப்படித் தெரியும்?"

பாதி கணக்கு, பாதி விடைக்குறிப்பு என்று சொன்னேன். யானையும் பிஷப்பும் இருந்தவரை பலகையில் ஏழு காய்களுக்கு மேல் இருந்தன. அதுவரை எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல், கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அவை வெட்டுப்பட்ட பிறகு வரும் நிலைக்கு விடை ஏற்கெனவே எழுதி வைத்தாகிவிட்டது. எஞ்சினிடம் அந்தக் கோப்பு இருந்தால் எடுத்துப் பார்த்தால் போதும். அந்த விடைக்குறிப்புக்குத்தான் டேபிள்பேஸ் என்று பெயர். "நம்மளும் அதைச் செய்ய முடியுமா?" என்றான். முடியும். அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கொஞ்சம் பைத்தான் தெரிந்தவர்கள் ஒரு வார இறுதியில் முதல் பகுதியை முடித்துவிடலாம். நிரல் எழுதத் தெரியாதவர்கள் நேரே ஆயத்தக் கருவி பற்றிய பகுதிக்குப் போகலாம், ஆனாலும் நடுவில் இருப்பதை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம்

டேட்டாபேஸ் என்றதும் பலர் ஆட்டத் தொகுப்பை நினைக்கிறார்கள். யார் யாரோடு ஆடினார், எந்தத் தொடக்கம், யார் வென்றார் என்று லட்சக்கணக்கான ஆட்டங்கள் இருக்குமே, அது. டேபிள்பேஸில் ஓர் ஆட்டம்கூட இருக்காது. குறிப்பிட்ட சில காய்களை எடுத்துக்கொண்டு, அவை பலகையில் நிற்கக்கூடிய எல்லா நிலைகளையும் ஒன்று விடாமல் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வெற்றியா, தோல்வியா, டிராவா, இன்னும் எத்தனை நகர்த்தல் என்று குறித்து வைப்பது அது. இதில் மதிப்பீடு, கருத்து என்று எதுவும் கிடையாது. சரியாகச் செய்திருந்தால் அதில் இருப்பது உண்மை; ஒரு வரி தவறியிருந்தால் அது உண்மை மாதிரியே தோன்றும் பொய். ஆட்டத் தொகுப்பில் ஒரு ஆட்டம் தப்பாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. டேபிள்பேஸில் ஒரு தப்பு, அதன்மேல் கட்டப்படும் அடுத்த டேபிள்பேஸையும் கெடுத்துவிடும். அதனால்தான் சிறிய ஒன்றை நீங்களே செய்து பாருங்கள் என்கிறேன். செய்து பார்த்தவருக்குத்தான் எங்கே தப்பு வரும் என்று தெரியும்.

இது எவ்வளவு தூரம் மனிதர்களைத் திணறடித்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1970களின் கடைசியில் பெல் ஆய்வகத்தில் இருந்த கென் தாம்ப்சன், ராணிக்கும் யானைக்கும் இடையிலான எண்ட்கேமை, அதாவது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டத்தை, முழுதாகக் கணித்து வைத்திருந்தார். அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் வால்டர் பிரவுன் ராணியை வைத்துக்கொண்டு, யானையைக் கணினியிடம் கொடுத்தார். பாடப்புத்தகப்படி இது வெற்றி. ஆனால் கணினி யானையை மனிதர்கள் நினைத்தே பார்க்காத கட்டங்களில் கொண்டுபோய் நிறுத்த, விதி அனுமதிக்கும் 50 நகர்த்தலுக்குள் பிரவுனால் முடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு மறுபடி வந்தார். இரண்டாம் முறை, சரியாக 50ஆவது நகர்த்தலில் வென்றார்.

எண்ணுவதில் தொடங்குங்கள்

வெள்ளைக்கு ராஜாவும் ஒரு யானையும், கறுப்புக்கு ராஜா மட்டும். இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. சிப்பாய் இல்லாததால் பலகையை எப்படித் திருப்பினாலும், கண்ணாடியில் காட்டினாலும் நிலை மாறாது. இதைப் பயன்படுத்தி வேலையை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கலாம்.

வெள்ளை ராஜாவை 64 கட்டங்களிலும் வைக்கத் தேவையில்லை. ஏ1, பி1, சி1, டி1, பி2, சி2, டி2, சி3, டி3, டி4 என்ற முக்கோணத்தில் உள்ள பத்துக் கட்டங்கள் போதும். மற்ற எந்தக் கட்டமும் மடித்தால் இந்தப் பத்தில் ஒன்றின் மேல்தான் வந்து விழும். அடுத்து, இரண்டு ராஜாக்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்க முடியாது. வெள்ளை ராஜா மூலைவிட்டத்தின் மேல் நின்றால் கறுப்பு ராஜாவுக்கும் பாதிப் பலகை போதும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் ராஜாக்களின் ஜோடிகள் 462 மிஞ்சும். மிச்சமுள்ள 62 கட்டங்களில் யானையை வைத்தால் 462 × 62 = 28,644.

இந்த இடத்தில்தான் நான் இரண்டு இரவு தூங்காமல் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் இயந்திரக் கற்றலுக்கென வைத்திருக்கும் தரவுக் களஞ்சியத்தில், 1994 முதல் இதே எண்ட்கேம் ஒரு சாதாரண உரைக்கோப்பாகக் கிடைக்கிறது. கறுப்பு ஆட வேண்டிய நிலைகள் மட்டும். அதில் மொத்தம் 28,056 வரிகள். என்னிடம் 28,644. கூடுதலாக 588. செக்மேட் நிலைகளை எண்ணினேன்: அங்கேயும் 27, என்னிடமும் 27. விடை சரி, மொத்தம் தப்பு. நகர்த்தல் விதிகளை மூன்று முறை திருத்தி எழுதினேன், 588 அசையவில்லை.

காரணம் நகர்த்தலில் இல்லை, மடிப்பில் இருந்தது. இரண்டு ராஜாக்களும் ஒரே சமயத்தில் ஏ1-எச்8 மூலைவிட்டத்தின் மேல் நின்றால், அந்தக் கோட்டில் பலகையை இன்னொரு தடவை மடிக்கலாம். அப்போது யானை கோட்டுக்கு மேலே நிற்பதும் கீழே நிற்பதும் ஒரே நிலைதான். அப்படிப்பட்ட ராஜா ஜோடிகள் 21. ஒவ்வொன்றிலும் யானைக்குக் கோட்டுக்கு வெளியே 56 கட்டங்கள், அதில் பாதி 28 இரட்டிப்பு. 21 × 28 = 588. காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது அம்மா காலைக் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தார்.

செக்மேட் எண்ணிக்கை ஏன் மாறவில்லை? யானையால் மேட் வாங்கும் கறுப்பு ராஜா பலகையின் ஓரத்தில் இருக்க வேண்டும். மூலைவிட்டத்தில் ஓரக் கட்டம் என்றால் மூலை மட்டும்தான். அந்த மூலையில் நிற்கும் ராஜாவை, அதே மூலைவிட்டத்தில் சற்றுத் தள்ளி நிற்கும் வெள்ளை ராஜாவின் துணையோடு மேட் ஆக்க முடியாது, பி1 மாதிரி ஒரு கட்டம் தப்பிவிடும். ஆகவே அந்த 588இல் மேட் ஒன்றுகூட இல்லை. ஒரு எண் பொருந்தினால் எல்லாம் சரி என்று நம்பாதீர்கள் என்று இதற்குப் பிறகு எல்லாரிடமும் சொல்கிறேன்.

இரட்டிப்பு இருந்தாலும் டேபிள்பேஸ் வேலை செய்யும், கொஞ்சம் இடம்தான் வீண். ஆனால் மற்றவர்களின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

பின்னால் நடப்பது

எண்ணியாயிற்று. இனி விடை எழுத வேண்டும். சாதாரணமாகச் செஸ் எஞ்சின் முன்னோக்கி யோசிக்கும்: நான் இப்படி ஆடினால், அவன் அப்படி ஆடினால் என்று. டேபிள்பேஸ் தலைகீழ். முடிவிலிருந்து பின்னோக்கி நடக்கும். ரிச்சர்ட் பெல்மன் 1965இலேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். வேலை இப்படிப் போகும்.

முதலில் நிலைகளை இரண்டு பட்டியலாக வையுங்கள்: வெள்ளை ஆட வேண்டியவை, கறுப்பு ஆட வேண்டியவை. வெள்ளையின் முறையாக இருக்கும்போது கறுப்பு ராஜா செக்கில் நின்றால் அது நடக்கவே முடியாத நிலை, அதை அடித்துவிடுங்கள். புதியவர்கள் முதலில் தவறுவது இங்கேதான்.

அடுத்து, கறுப்புப் பட்டியலில் செக்மேட் நிலைகளைத் தேடி 0 என்று குறியுங்கள். 27 வர வேண்டும். செக் இல்லாமல் நகர வழியும் இல்லாதவை ஸ்டேல்மேட், அவற்றை டிரா என்று குறியுங்கள். கறுப்பு ராஜா காவலில்லாத யானையை வெட்ட முடிந்தால் அதுவும் டிரா, ஏனென்றால் மிஞ்சுவது இரண்டு ராஜாக்கள். இந்தக் கடைசி வாக்கியம் சின்னதாகத் தெரியும், ஆனால் பெரிய டேபிள்பேஸ்கள் அனைத்துக்கும் அதுவே அடிப்படை: ஒரு காய் வெட்டுப்பட்டால் நீங்கள் வேறொரு, சிறிய டேபிள்பேஸுக்குள் போய் விழுகிறீர்கள். அது முன்பே தயாராக இருக்க வேண்டும்.

இப்போது திரும்புங்கள். கறுப்பு தோற்கும் ஒவ்வொரு நிலையிலிருந்தும், வெள்ளை அங்கே எந்த நிலையிலிருந்து வந்திருக்க முடியும் என்று பாருங்கள். அவையெல்லாம் வெள்ளைக்கு வெற்றி. பின்பு, கறுப்பு எந்தப் பக்கம் போனாலும் வெள்ளை வெல்லும் நிலைக்கே போகிறது என்றால் அந்தக் கறுப்பு நிலை தோல்வி. ஒரே ஒரு நகர்த்தல் தப்பிக்க விட்டாலும் அதைத் தொடக்கூடாது. வெல்பவருக்கு ஒரு நல்ல நகர்த்தல் போதும்; தோற்பவருக்கு எல்லா நகர்த்தலும் மோசமாக இருக்க வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி. எந்த நிலையும் மாறாத சுற்று வந்தால் நிறுத்திவிடலாம். மிஞ்சியவை டிரா.

நகர்த்தல்களைப் பின்னோக்கிக் கணக்கிடுவது தலை சுற்றினால், முதல் தடவை அதைச் செய்யவே வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் எல்லா நிலைகளையும் முன்னோக்கியே ஒருமுறை சரிபாருங்கள். மெதுவாக ஓடும், ஆனால் இவ்வளவு சிறியதற்குப் பரவாயில்லை. பைத்தான்-செஸ் என்ற நூலகம் விதிகளைப் பார்த்துக்கொள்ளும்.

முடிந்ததும் ஒப்பிட: கறுப்பு ஆட வேண்டிய 28,056 நிலைகளில் டிரா 2,796. ஒரு நகர்த்தலில் மேட் 78. அதிகமானவை 14 நகர்த்தலில், 4,553. மிக நீளமானது 16 நகர்த்தல், அப்படிப்பட்டவை 390. இவை வெள்ளையின் நகர்த்தல் கணக்கு. உங்கள் நிரல் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக எண்ணினால், அதாவது அரை நகர்த்தல் கணக்கில், 16 என்பது 32 ஆக வரும். பதறாதீர்கள். ஆனால் எந்தக் கணக்கு என்று அப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எந்த எண்ணை எழுதி வைப்பது

சரி, மேட் ஆக எத்தனை நகர்த்தல் என்பதைத்தானே எழுத வேண்டும், இதில் என்ன யோசனை என்று கேட்கலாம். இங்கேதான் டேபிள்பேஸ் வகைகள் பிரிகின்றன.

1998 வாக்கில் யூஜின் நலிமோவ் வெளியிட்டவை மேட்டுக்கான தூரத்தைச் சொல்லும். படிக்க ஆசையாக இருக்கும், ஆனால் இடம் அதிகம்: ஆறு காய் வரை 1 டெராபைட்டுக்கு மேல். அதோடு அவை 50 நகர்த்தல் விதியைக் கண்டுகொள்வதில்லை. காய் வெட்டாமல், சிப்பாய் நகராமல் இரு பக்கமும் 50 நகர்த்தல் ஆடிவிட்டால் டிரா கேட்கலாம் என்பது விதி. 2012இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமோனோசொவ் சூப்பர் கணினியில் ஏழு காய்களைக் கணித்தபோது 549 நகர்த்தலில் மேட் ஆகும் நிலை ஒன்று கிடைத்தது. காகிதத்தில் வெற்றி, மேசையில் எதிராளி பாதி வழியிலேயே கையை உயர்த்தி டிரா கேட்டுவிடுவார். இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகளால் உலகச் செஸ் அமைப்பான ஃபிடே ஒரு காலத்தில் சில எண்ட்கேம்களுக்கு மட்டும் வரம்பை நீட்டிப் பார்த்தது. 1992இல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 50க்கே திரும்பியது.

ரொனால்ட் டி மான் 2013இல் கொண்டுவந்த சிசிஜி வகைதான் இன்று எஞ்சின்கள் எல்லாம் பயன்படுத்துவது. அது ஒவ்வொரு எண்ட்கேமுக்கும் இரண்டு கோப்புகள் வைக்கும். ஒன்றில் வெற்றி-டிரா-தோல்வி மட்டும், ஆனால் ஐந்து தரம்: வெற்றி, 50 விதியால் நழுவும் வெற்றி, டிரா, 50 விதியால் தப்பிக்கும் தோல்வி, தோல்வி. மற்றதில், அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்த்தல் வரை எவ்வளவு தூரம் என்பது. மேட்டுக்கான தூரம் அதில் இல்லை. அதனால் சிசிஜியை மட்டும் நம்பி ஆடும் எஞ்சின் சில சமயம் காரணமே இல்லாமல் தன் காயைக் கொடுத்து வெட்டவிட்டு, சுற்றி வளைத்து வெல்வதைப் பார்க்கலாம். அது பழுதல்ல, அதற்குக் கொடுத்த அளவுகோல் அப்படி.

என் கருத்து: கற்றுக்கொள்ள மேட் தூரம், எஞ்சினுக்குச் சிசிஜி. மேட் தூரம் வேண்டி நலிமோவைத் தேடி அலைய வேண்டாம், ஐந்து காய் வரை கவியோட்டா வகை போதும், பைத்தான்-செஸ் அதையும் படிக்கும்.

வெற்றியா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் எவ்வளவு சுருக்கலாம் தெரியுமா? ராஜாவும் சிப்பாயும் எதிர் ராஜா: சிப்பாய்க்கு 24 கட்டங்கள், ராஜாக்களுக்கு 64 × 64, யார் முறை என்பதற்கு 2. மொத்தம் 1,96,608 பிட், அதாவது 24 கிலோபைட். ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் இதைப் பல வருடங்கள் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தது. இப்போது வாட்சப்பில் போகும் காலை வணக்கப் படம் இதைவிடப் பெரிது.

ஆயத்தக் கருவியோடு

கையால் செய்தாகிவிட்டது என்றால் இனி சிசிஜியின் சொந்த உருவாக்கியை எடுங்கள். மூல நிரல் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. லினக்ஸில் தொகுக்க வேண்டும். விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொண்டால் போதும். இரண்டு நிரல்கள் இருக்கும்: சிப்பாய் இல்லாதவற்றுக்கு ஆர்டிபிஜென், சிப்பாய் உள்ளவற்றுக்கு ஆர்டிபிஜென்பி. நிரலின் பெயருக்குப் பின் எண்ட்கேமின் பெயரைக் கொடுத்தால் அது வேலையைத் தொடங்கும். பெயர்களில் காய்கள் ஆங்கில முதலெழுத்தாலேயே குறிக்கப்படும், நடுவில் சிறிய எழுத்தில் ஒரு 'வி'. தமிழில் உச்சரித்தால் பிஷப்பும் சிப்பாயும் இரண்டும் 'பி' ஆகிவிடும், குதிரை 'என்'. வகுப்பில் இதை வைத்து ஒரு பையன் தப்பான எண்ட்கேமை அரைமணி நேரம் கணித்துவிட்டான்.

வரிசை முக்கியம். முதலில் மூன்று காய், பிறகு நான்கு, பிறகு ஐந்து. ராஜா-சிப்பாய் எண்ட்கேமைத் தொடங்குமுன் ராணி, யானை, பிஷப், குதிரை எல்லாவற்றுக்கும் மூன்று காய்க் கோப்பு இருக்க வேண்டும், சிப்பாய் எட்டாவது வரிசையைத் தொட்டதும் அவற்றில் ஒன்றுக்குள் போய்விடும் அல்லவா. கூடவே வரும் பெர்ல் நிரல் இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்ளும். முதல் தடவை நாலைந்தைக் கையாலேயே ஓட்டிப் பாருங்கள், அப்புறம் அதனிடம் விடுங்கள்.

எத்தனை எண்ட்கேம்கள் என்பதையும் எண்ணிவிடலாம். மூன்று காயில் 5, நான்கில் 30, ஐந்தில் 110. மொத்தம் 145, கோப்பு 290, ஏறத்தாழ 1 ஜிபி. ஆறு காயில் மட்டும் 365 எண்ட்கேம்கள், மொத்தம் 150 ஜிபி அளவு. ஏழில் 1,001. போஜுன் குவோ 2018இல் அவற்றை முடித்தார். மொத்தத் தொகுப்பு 18 டெராபைட்டைத் தொடும்.

வட்டு அளவைவிட நினைவகம்தான் கழுத்தைப் பிடிக்கும். கணக்கு எளிது. 462 ராஜா ஜோடி, மிச்சமுள்ள ஒவ்வொரு காய்க்கும் 64ஆல் பெருக்கல், இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு பைட். ஐந்து காய்க்கு 24 கோடி பைட், எந்த மடிக்கணினியும் தாங்கும். ஆறு காய்க்கு 1,550 கோடி பைட். 16 ஜிபி இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டலாம். ஏழு காய்க்கு ஏறக்குறைய 1 டெராபைட் நினைவகம். அது வீட்டு வேலை இல்லை. ஒரு காய் கூடினால் 64 மடங்கு என்று மனத்தில் வைத்துக்கொண்டால் யாரும் உங்களிடம் எட்டுக் காய் டேபிள்பேஸ் விற்க முடியாது.

நான் ஐந்து காயை என் பழைய மேசைக்கணினியில் இரவு சாப்பாட்டுக்குப் பின் தொடங்கினேன், காலையில் எழுந்தபோது முடிந்திருந்தது. ஒரு விஷயம்: நம் ஊர் வெக்கையில் வீவக வீட்டு அறைக்குள் கதவைச் சாத்திவிட்டு எல்லாக் கோர்களையும் ஓடவிட்டால் கணினி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு கோரை விட்டுவிடுங்கள், மின்விசிறியைக் கணினிப் பக்கம் திருப்புங்கள்.

உருவாக்கியதோடு நிற்காமல் கூட வரும் ஆர்டிபிவெர் நிரலால் சரிபாருங்கள். அது ஒவ்வொரு நிலையின் மதிப்பும் அதன் அடுத்த நிலைகளோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். உங்கள் கையால் செய்த யானைக் கோப்பையும் கவியோட்டாவோடு ஒப்பிடுங்கள். சிசிஜியின் தூர எண் ஒன்று கூடக் குறைய இருக்கலாம், அதனால் எண்ணுக்கு எண் ஒப்பிட அது தோதுப்படாது.

இறக்குவதா, உருவாக்குவதா

ஆறு காய்க்கு இறக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். 1 ஜிகாபிட் இணைப்பில், வழங்கி முழு வேகம் கொடுத்தால் 150 ஜிபி இருபது நிமிடம். அப்படி யாரும் கொடுப்பதில்லை, ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு காய் முழுதும் அதே வேகத்தில் 41 மணி நேரம், உண்மையில் வாரக்கணக்கு. அதற்கு வட்டு வாங்கும் காசுக்கு வேறு நல்ல செலவு இருக்கிறது. ஏழு காய் நிலையை லிச்செஸ் என்ற இலவசச் செஸ் தளத்தில் ஒட்டினால் விடை சும்மா வருகிறது.

வைத்ததும் ஸ்டாக்ஃபிஷ்ஷிடம் கோப்புறையின் பாதையைச் சொல்லுங்கள், 145 கண்டேன் என்று சொன்னால் ஐந்து காய் முழுதாக இருக்கிறது. எண் குறைந்தால் பெரும்பாலும் கோப்புப் பெயர்தான் காரணம். லினக்ஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. எங்கோ நகல் எடுக்கும்போது அந்த 'வி' பெரிய எழுத்தாக மாறியிருக்கும். வெற்றி-தோல்விக் கோப்புகளை எஸ்எஸ்டியில் வையுங்கள், எஞ்சின் யோசிக்கும்போதே ஓயாமல் தொடுவது அவற்றைத்தான். தூரக் கோப்புகள் பழைய சுழல் வட்டில் கிடந்தாலும் பாதகமில்லை.

பகிர்வது

சிசிஜி கோப்புகளைத் தாராளமாக மறுபகிர்வு செய்யலாம் என்று உருவாக்கியவரே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே உரிமைப் பிரச்சினை இல்லை. பிரச்சினை எல்லாம் கைமாறும்போது வருவது.

என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவருக்கு ஆறு காய் தொகுப்பைக் கொடுக்க, இணையத்தில் அடிமாட்டு விலைக்கு 2 டெராபைட் என்று போட்டிருந்த ஒரு யுஎஸ்பி குச்சி வாங்கினேன். இருபத்தி சொச்சம் வெள்ளி. நகல் எடுத்தேன், ஒரு பிழைச்செய்தியும் இல்லை, 730 கோப்புகளும் பட்டியலில் அழகாக நின்றன. டோபி காட் நிலையத்தில் கைமாற்றிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து நண்பர் பேசினார்: "அண்ணே, எஞ்சின் சில நிலையில படுத்துக்குது." வாங்கிப் பார்த்தால் அந்தக் குச்சியின் உண்மைக் கொள்ளளவு 64 ஜிபி. நிறைந்ததும் முதலிலிருந்து மேலெழுதிக்கொண்டே போயிருக்கிறது. பெயரும் அளவும் சரியாக இருந்தன, உள்ளே குப்பை. இதற்கென்றே எஃப்3 என்ற இலவசக் கருவி இருக்கிறது. புது வட்டு எதுவானாலும் முதலில் அதை ஓட்டுங்கள். இப்போதெல்லாம் சிம் லிம் ஸ்குவேருக்கு நேரே போய்ப் பெயருள்ள வட்டாக வாங்கி வந்துவிடுகிறேன்.

அந்தக் குச்சியோடு ஒரு ஷா-256 பட்டியலையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான எண்கள்) கொடுத்திருந்தால் நண்பர் அன்றே கண்டுபிடித்திருப்பார். கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, மொத்தம் ஓர் உரைக்கோப்பு. அதை வட்டிலேயே வைப்பதோடு நிற்காமல் மின்னஞ்சலிலும் தனியாக அனுப்புங்கள், வட்டு கெட்டால் பட்டியலும் கெட்டுவிடும். சிசிஜி கோப்புகளுக்குள் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு, அதைப் பார்க்க டிபிசெக் என்ற நிரலும் கூடவே வருகிறது. ஆனால் உங்கள் சொந்த வடிவக் கோப்புக்கு அது கிடையாது, ஷா-256 எல்லாவற்றுக்கும் பொது.

ஜிப் செய்ய வேண்டாம். கோப்புகள் ஏற்கெனவே இறுக்கப்பட்டவை, ஒரு விழுக்காடுகூடக் குறையாது. எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டினால் எஃப்ஏடி32 வட்டு 4 ஜிபிக்கு மேல் ஏற்காது, அதோடு ஒரு பைட் கெட்டாலும் முழுவதையும் திரும்ப இறக்க வேண்டும். தனித்தனிக் கோப்பாக டொரண்டில் போடுவதே நல்லது, டொரண்ட் துண்டு துண்டாகத் தானே சரிபார்க்கும். போட்டுவிட்டு மறுநாளே கணினியை அணைத்துவிட்டால் பகிர்ந்ததாக ஆகாது. குறைந்தது இன்னும் இரண்டு பேரிடம் முழுப் பிரதி போய்ச் சேரும்வரை ஓடவிடுங்கள்.

சொந்தமாகச் செய்ததைப் பகிர்ந்தால் ஒரு குறிப்பு அவசியம். எந்தக் காய்கள், யார் முறை, எண் எதைக் குறிக்கிறது, முழு நகர்த்தலா அரையா, 50 விதி சேர்ந்ததா, எந்த மடிப்பு, ஆன் பசான் எனப்படும் கடந்து வெட்டுவதைக் கணக்கில் எடுத்தீர்களா. காஸ்லிங் உரிமை டேபிள்பேஸ்களில் வழக்கமாகவே கிடையாது, அதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். பத்து வரி போதும். தமிழிலேயே எழுதலாம், யாரும் தடுக்கவில்லை.

அப்புறம், பிள்ளைகளிடம் கொடுக்கும்போது ஒன்று சொல்லிக் கொடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு பார்ப்பது படிப்பு, ஆடிக்கொண்டிருக்கும்போது பார்ப்பது திருட்டு. இணையத்தில் ஆடினாலும் அதேதான்.

அந்த உயர்நிலை இரண்டுப் பையன் மார்ச் விடுமுறையில் தன்னுடைய யானைக் கோப்பை அனுப்பினான். 28,056 வரிகள், ஷா-256 உட்பட. மேட் 27, டிரா 2,796, கடைசியில் 390, மூன்றும் பொருந்தின. குறிப்புக் கோப்பைத் திறந்தேன். எண்ட்கேமின் பெயர் இருந்தது, அவன் பெயர் இருந்தது, தேதி இருந்தது. "தம்பி, இது யார் ஆட வேண்டிய நிலை?" என்று கேட்டு அனுப்பினேன்.

"கறுப்பு, அங்கிள். எழுத மறந்துட்டேன். இருங்க, மாத்தி அனுப்புறேன்."